சத்தம் போடப் பழகுதல்

எட்டு வருடம் கழித்து
அதே இரும்புக் கதவு.
வூச் நகரத்தில், மூடிப்போன நூற்பாலையின்
மூன்றாம் மாடியில் ஒலிக்கூடம்.
சாவியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

என் காலணிப் பெட்டி அப்படியே இருக்கிறது.
போலீஸ்காரரின் பூட்ஸ், விதவையின் ஹீல்ஸ்,
குடிகாரனின் வலது கால் மட்டும்
(இடது எப்போதோ தொலைந்துவிட்டது).

திரையில் நடப்பவர்களுக்கு
நான்தான் காலடி தருகிறவள்.
அவள் அங்கே ஓடுவாள்; இங்கே
சரளைக்கல் தட்டில்
நின்ற இடத்திலேயே நான் ஓடுவேன்.
பனியில் நடக்கச் சோளமாவு மூட்டை.
எலும்பு முறியச் செலரித் தண்டு.
என் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை:
"சத்தத்துக்கா சம்பளம்?"

சேவெரின் புதியவன், வயது இருபத்தாறு.
நான் விட்டுப் போனபோது
பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான்.
முதல் காட்சி எளிதுதான் என்றான்:
ஒரு பெண், ஒரு நடைவழி, மரத்தரை, இரவு,
பன்னிரண்டு அடி.

நடந்தேன்.
கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலை நிமிரவில்லை.
"நடங்க, யாகொதா" என்றான்.
நடந்துவிட்டேன் என்றேன்.
ஊசி அசையவில்லையாம்.

மறுபடி. குதிகாலை அழுத்தி.
மறுபடி.
அடிமேல் அடி அடித்தால் அம்மி நகருமாம்,
அந்த ஊசி நகரவில்லை.
மைக்கைத் தட்டிப் பார்த்தான், ஒயரை மாற்றினான்.
மைக் சரியாகத்தான் இருந்தது.
எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தீமொன் பிறந்த வருடம்
அவனுக்குத் தூக்கமே இருபது நிமிடம்தான்.
அதையும் ஒரு இருமல் உடைத்துவிடும்.
அப்புறம் கலீனா.
அப்புறம் மிரோனின் அப்பா,
பக்கவாதத்தோடு முன்னறைக் கட்டிலில் நாலு வருடம்.

எங்கள் நடைவழியில் கிறீச்சிடும் பலகைகள் ஏழு.
இருட்டில் ஏழையும் தாண்டுவேன்.
கைப்பிடியை எவ்வளவு திருகினால்
தாழ்ப்பாளின் நாக்கு ஓசையில்லாமல் உள்ளே போகும்,
விசிலடிக்க மூன்று நொடி முன்பு
கெட்டில் எப்படி முனகும்,
அழுகை வந்தால் எந்தக் குழாயைத் திறக்கலாம்,
எல்லாம் தெரியும்.
எட்டு வருடம் சாதகம் செய்திருக்கிறேன்,
யாருக்கும் கேட்காமல் இருக்க.

விண்ணப்பப் படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது.
கோடு போட்டுவிட்டேன்.

மிரோன் கெட்டவன் இல்லை.
"எப்போ வேணுமானாலும் வேலைக்குப் போ" என்றுதான் சொன்னான்,
எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கையில்,
கிசுகிசுப்பாக.

சேவெரின் தேநீர் கொண்டுவந்தான்.
"நாளைக்குப் பார்த்துக்கலாமே."
அந்தக் குரலில் மரியாதை இருந்தது.
எனக்கு அது பிடிக்கவில்லை.

விதவையின் ஹீல்ஸை மாட்டினேன்.
காட்சியில் அவள் வெறுங்கால்; இருக்கட்டும்.
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
இங்கே கிறீச்சிட ஒரு பலகையும் கிடையாது.
இருந்தும் என் வீட்டு ஏழையும் விரித்துப் போட்டு
மூன்றாவதை மிதித்தேன்.
ஐந்தாவதை மிதித்தேன்.
நாற்காலிக் காலில் வேண்டுமென்றே இடித்துக்கொண்டேன்.
கடைசியில் கதவை
வீட்டில் எந்தக் கதவையும் அடிக்காத அடி அடித்தேன்.

சேவெரின் ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டான்.
"ரொம்ப அதிகம்" என்றான் காதைத் தேய்த்துக்கொண்டே.
"படத்தில் குழந்தை தூங்குது."
தெரியும் என்றேன்.
இதை அழிக்காதே,
வேறெதற்காவது ஆகும்.

கடைசி டிராமில் வீடு வந்தபோது மணி பதினொன்றரை.
காலணியைக் கையில் பிடித்திருந்தேன்.
மூன்றாவது பலகையை
என்னைக் கேட்காமலே கால் தாண்டியது.
முன்னறைக் கட்டிலை
போன பிப்ரவரியிலேயே கழற்றிவிட்டோம்.

கொஞ்ச நேரம் நின்றேன்.
பின்னால் போய்
அந்தப் பலகையை மிதித்தேன், முழு எடையோடு.

யாரும் விழிக்கவில்லை.