மூன்றாம் படி

ஹூசாவிக் மீன் ஆலையில்
உறைகிடங்குக்கு ஏறும் இரும்புப் படிகளில்
மூன்றாவது மட்டும்
ஒரு விரற்கடை உயரம்.

போன பனிக்காலம்
காட் மீன் கூடையோடு
ஸ்டெயின்வோர் தடுக்கி விழுந்தது அங்கேதான்.
வலது மணிக்கட்டு.

மறுவாரமே
மாவுக்கட்டோடு வந்து
படகுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டை
இடக்கையால் பூசினாள் விளிம்பில்,
கோணல்மாணலாக.
காயுமுன் ஒரு பிடி மணல்.

வெல்டர் வந்து வெட்டிச் சரிசெய்து
ஏழு மாதமாகிறது.
எல்லாப் படியும் இப்போது ஒரே உயரம்.

ஆனாலும் அந்த இடத்தில்
எல்லோர் பூட்ஸும்
ஒரு விரற்கடை கூடுதலாய் எழுந்து
இல்லாத இரும்பைத் தாண்டி இறங்குகின்றன.

நேற்றுச் சேர்ந்த போலந்துக்காரன் ஸ்வாவோமிர்
ஏனென்று கேட்கவில்லை.
முன்னே போகிறவளின் குதிகாலைப் பார்த்தபடி
தானும் தூக்கி வைத்தான்.