எந்தப் பெட்டி

செவ்வாய்தோறும் எனக்கு மாலை வகுப்பு.
வூச் நகரம், ஏழாம் எண் நூற்பாலை,
முட்டைக்கோஸ் வாடை விடாத உணவுக்கூடம்.
கரும்பலகையில் இரண்டு பெட்டி வரைவேன்.
மேலே உடைமை. கீழே உழைப்பு.
நடுவில் ஓர் அம்பு, இருமுனையும் கூர்.

"நம் நாட்டில் மேல்பெட்டி காலி" என்று
அதை மட்டும் துடைப்பேன்.
அந்த வருடம் துடைக்கத் துடைக்க
வெள்ளைத் தடம் போகவில்லை.
புது அழிப்பான் கேட்டு எழுதிய மனுவுக்கு
இன்றுவரை பதிலில்லை.

முன்வரிசையில் தூங்குவார்கள்.
கோபமில்லை எனக்கு.
மூன்று ஷிப்டு ஓடும் தறியிடம்
தூக்கத்தை அடகு வைத்தவர்கள்.
கடைசி வரிசை கெனோவெஃபாதான்
காதில் அடைத்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"தோழர் விரிவுரையாளரே,
டைரக்டர் ஸ்விதால்ஸ்கி எந்தப் பெட்டி?
ஆலை அவருடையதில்லை, சரி.
பன்றித்தொடை வரும் நாளில்
பின்வாசல் அவருடையது.
சாவி யாரிடமோ
அவர்தானே வீட்டுக்காரர்?"

தூங்கியவர்கள் விழித்துவிட்டார்கள்.
"அது வர்க்கமல்ல, அடுக்கு" என்றேன்,
பாடநூல், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
"அடுக்கா?
என் வீட்டு அலமாரியிலும்
மேலடுக்குக்குத்தான் கை எட்டுவதில்லை."

விடவில்லை அவள்.
"மேஸ்திரி வாவ்ஷினும் நானும் ஒரே பெட்டியாம்.
நூல் அறுந்தால் அபராதம் எழுதுவது அவர்.
என் புருஷனும் அதே பெட்டி.
இருவரும் ஒரே டிராமில் வீடு திரும்புவோம்.
அவன் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டுவான்,
சூப் எங்கே என்பான்.
அந்தப் போராட்டம் எத்தனையாவது பக்கம்?"

புரட்டினேன்.
மணி அடித்துக் காப்பாற்றியது.

அன்றிரவு பூட்டிய இழுப்பறையைத் திறந்தேன்.
கார்பன் மங்கிய தட்டச்சுத் தாள்கள்,
எங்கோ மேற்கில் எழுதப்பட்ட மறுப்புகள்:
கௌரவத்துக்கும் அதிகாரத்துக்கும்
தனித்தனித் தராசு உண்டென்றார் ஒருவர்.
கரைந்துபோகும் என்ற நடுத்தட்டு
ஊதிப் பெருத்ததைக் காட்டினார் இன்னொருவர்.
வென்றாலும் தோற்றாலும் சரியென்று சொல்லும் ஜோசியம்
விஞ்ஞானமா என்று ஒரு நக்கல், அடிக்குறிப்பில்.
மூவரோடும் விடியும்வரை வாதாட
என்னிடம் சரக்கிருந்தது.
அவர்களும் தறிக்கூடம் பார்த்தவர்களில்லை.

பன்னிரண்டு வருடம் போயிற்று.
உணவுக்கூடத்தில் தாடிக்காரர் படம் இருந்த சதுரம்
சுவரில் மட்டும் வெளுப்பாக நின்றது.
பிறகு அந்தச் சுவரும் விற்றுப்போனது.
வங்கிப் பையன்களுக்கு
ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன்.

நவம்பர், பதினோராம் எண் டிராம்.
எதிர் இருக்கையில் கெனோவெஃபா, மடியில் உருளைக்கிழங்குப் பை.
"ஆலையை வாங்கியது யார் தெரியுமா?
அதே ஸ்விதால்ஸ்கி.
அதே பின்வாசல், இப்போது பத்திரத்தோடு.
எங்கள் நானூறு பேருக்கும் ஒரே நாளில் கடிதம்.
உங்கள் பெட்டி இப்போதுதான் பொருந்துகிறது ஐயா,
இப்போது பார்த்து வகுப்பை நிறுத்திவிட்டீர்களே."

"நான் அதையெல்லாம் நம்புவதில்லை" என்றேன்.
"நம்பச் சொன்னேனா?
நனைகிறவளுக்கு மழைமேல் நம்பிக்கை எதற்கு?"

ஆவி படிந்த கண்ணாடியில்
விரலால் இரண்டு பெட்டி வரைந்தாள்,
என்னைவிட நேராக.
வெளியே, கொஞ்சம் தள்ளி, ஒரு புள்ளி.
"இது நான். உழைப்பும் இல்லை இப்போது.
இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்களே உங்கள் ஆட்கள்?"

வைத்திருந்தார்கள். அழகான பெயரில்லை.
சொல்லவில்லை நான்.

அவள் இறங்கிவிட்டாள்.
புள்ளியிலிருந்து நீர் வழிந்து
கண்ணாடியின் விளிம்புவரை போனது.
அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார்,
கிழிந்த கையுறை, குளிரில் சிவந்த மூக்கு,
யாரோ வீட்டுக் கூலிக்காரர்.
என்னிடம் டிக்கெட் இல்லை.
எந்தப் பெட்டி இவர் என்று
நான் யோசித்து முடிப்பதற்குள்
அபராதம் எழுதிவிட்டார்,
கார்பன் வைத்து, அழுத்தி.