இரண்டாம் எண் புகைபோக்கி: காலாண்டு அறிக்கை

எழுபத்தெட்டு மீட்டர் ஏணி.
பதினேழு வருஷமாக ஏறுகிறேன்,
இடுப்பில் வார், தோளில் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி.
ஃபுளோரைடு, கந்தகம், தூசி.
மூன்று கட்டங்களை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும்:
த்ராஹொமிரா, அளவையாளர், பிரிவு நான்கு.

கீழே கூடத்தில் நூற்று எழுபத்திரண்டு தொட்டிகள்.
தொள்ளாயிரத்து அறுபது டிகிரியில்
அலுமினியம் தளதளத்துக் கிடக்கும்.
அங்கே கைக்கடிகாரம் ஓடாது.
காந்தம் அப்படி. சாவிக்கொத்து பையைவிட்டு எழுந்து
நாய்க்குட்டிபோல் தொட்டிப் பக்கம் மூக்கை நீட்டும்.
மணி கேட்டால் வெண்டெலின் சொல்வான்:
"கரண்டு இருக்கிறதா? அப்போ நேரம் இருக்கிறது."
நான்கு மணிநேரம் அது போனால்
தொட்டிக்குள் எல்லாம் கல்.
பிறகு கடப்பாரைதான்.

கரண்டு போகவில்லை.
விலை வந்தது.

கட்டுப்பாட்டு அறைத் திரையில்
வெப்பமும் அழுத்தமும் ஓடிய இடத்துக்குப் பக்கத்தில்
புதிதாக ஓர் எண்ணை ஓடவிட்டார்கள்,
ஒரு மெகாவாட் மணிக்கு எத்தனை யூரோ என்று.
நாற்பத்தைந்து.
அடுத்த வசந்தத்தில் நூற்றுத் தொண்ணூறு.
ஆகஸ்டில் ஒரு மாலை அறுநூற்று இருபது.
பொறியாளர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து
மறுபடி பார்த்தார்.
அறுநூற்று முப்பத்தொன்று.

கான்டீனில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.
போர் என்றார்கள், எரிவாயுக் குழாய் என்றார்கள்,
சந்தையில் எவனோ இரவோடிரவாகக் கொழுத்தான் என்றார்கள்.
ரஸ்தோ மட்டும் என் தட்டைப் பார்த்துச் சொன்னான்:
"கரிக்குச் சீட்டு வாங்கணும், டன்னுக்கு இவ்வளவு.
நீ ஏறி இறங்கி எழுதினாய் இல்லையா,
அதற்குத்தான் பில் வந்திருக்கிறது."
வாயிலிருந்த உருளைக்கிழங்கு உருண்டையை
மெல்லாமல் விழுங்கினேன்.

அவன் மகள் ஒட்டீலியா
இப்போதெல்லாம் இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கு ஓடுகிறாள்.
புதிய வடிகட்டி போட்ட மூன்றாம் வருஷத்திலிருந்து.
அதற்கு முன்பு
இந்தச் சரிவில் பிளம் மரத்து இலையெல்லாம்
ஓரம் கருகித் தொங்கும்.
மாட்டுக்குப் பல் தேய்ந்து புல் மேய வராது.
அளவைப் புத்தகத்தின் பழைய பக்கங்களில் இருக்கிறது,
எனக்கு முன்னால் இருந்தவரின் சாய்ந்த கையெழுத்தில்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
அவனுக்குத் தெரியும்.
தெரிந்துதான் அந்தக் கோபம்.

தொட்டியை அணைக்கப் பொத்தான் கிடையாது.
உறிஞ்சி எடுக்க வேண்டும், காய்ந்த நெஞ்சில் சளி எடுப்பதுபோல.
நாளைக்கு மூன்று, நான்கு.
கடைசித் தொட்டி ஒரு வியாழக்கிழமை.
எல்லாரும் போன பிறகு
வெண்டெலின் லாக்கரிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு
கூடத்தின் நடுவில் போய் நின்றான்.
ஓடியது.
இரண்டு பத்து, என்றான்.
இரண்டு பதினொன்று.

ரஸ்தோ இப்போது லின்ஸில், ஏதோ கிடங்கில்,
வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை போகிறான்.
ஆற்றுக்கு அக்கரையில் ஜன்னல் சட்டம் செய்யும் ஆலை
முன்போலவே ஓடுகிறது.
அலுமினியப் பாளங்கள் சரக்கு ரயிலில் வருகின்றன,
படிக்கத் தெரியாத எழுத்தில் முத்திரை குத்தி.
அதை வார்த்த ஊரில்
புகைபோக்கிக்கு ஏணி உண்டா,
ஏறுகிறவளுக்கு வார் கொடுத்திருக்கிறார்களா,
என்று நினைத்துக்கொண்டே
நேற்றும் ஏறினேன்.

உரிமம் ரத்தாகும்வரை அறிக்கை போக வேண்டும். சட்டம்.
குழாயை உள்ளே விட்டேன். காற்றுக்குச் சூடில்லை.
ஃபுளோரைடு: சுழியம்.
கந்தகம்: சுழியம்.
தூசி: சுழியம். கருவியைத் தட்டிப் பார்த்தேன். சுழியம்.
இத்தனை வருஷத்தில்
இவ்வளவு நல்ல தாளில் நான் கையெழுத்திட்டதில்லை.

இறங்கிக் கூடத்தின் வழியாக வந்தேன்.
சாவிக்கொத்து பையிலேயே கிடந்தது.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு,
எப்போதும் வெறுமையாக விடுவேன்.
இந்த முறை எழுதினேன்:
தொட்டி நாற்பத்தொன்றில்
பூனை ஒன்று, உறக்கத்தில்.