கதவில் கை வைத்த ஆள்

ஒன்பது நாளாக அந்த ஆள்
என் மேசைமேல்
கதவில் கை வைத்தபடி நிற்கிறார்.
குடை சொட்டிக்கொண்டிருக்கிறது.

கொம்தார் கீழ்த்தளம், கடை எண் பதினேழு.
வயிறு திறந்த கைப்பேசிகளுக்கு நடுவே
ஒரு சாம்பல் பலகை, மின்நூல் வாசிப்பான்.
ஃபௌசியா கொண்டுவந்தது. பட்டர்வொர்த்தில் நர்ஸ்.
ஃபெரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே
உறைந்துவிட்டதாம்.

இந்தத் திரைக்கு ஒரு குணம்:
மின்சாரம் செத்தாலும்
கடைசியாகக் காட்டியதை விடாது.
மலாய் நாவல், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
'டியா கதவில் கை வைத்தார். குடை சொட்டியது. உள்ளே'
அவ்வளவுதான்.
உள்ளே என்ன என்பது அடுத்த பக்கம்.

டியா என்றால் அவனும்தான், அவளும்தான்.
பக்கத்தில் பெயர் எதுவும் இல்லை.
தமிழில் நினைக்கிறவன் நான்,
வினை முடியும் இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.
நின்றானா, நின்றாளா?
ஷட்டர் தூக்கும்போது ஒருவிதம்,
வெளியே மழை என்றால் வேறுவிதம்.
கடைசியில் ஓர் 'ஆர்' போட்டுத் தப்பித்தேன்.

பத்தாம் நாள் சீரியல் அடாப்டர் வந்தது,
ஏழு ரிங்கிட் அறுபது சென்.
கிட்டார் பிக்கால் முதுகோட்டை நெம்பினேன்.
போர்டின் ஓரம் மூன்று புள்ளிகள்,
எறும்பு முட்டையைவிடச் சின்னது.
ஜம்பர் மூன்று புள்ளி மூன்று வோல்ட்டில்தானா,
இரண்டு முறை பார்த்தேன்;
ஐந்தில் விட்டு ஒரு ரவுட்டரைக் கொன்றவன்.
கறுப்புக் கம்பி தரைக்கு.
இதன் வாய் அதன் காதுக்கு,
அதன் வாய் இதன் காதுக்குப் போகவேண்டும்.
நான் வாயை வாயோடு பற்றவைத்திருந்தேன்.
மாற்றினேன். குப்பை கொட்டியது,
கட்டமும் கேள்விக்குறியும்.
வேகம் தவறு.
ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு.

பேசியது.

மூச்சுவிடாமல்:
நினைவகம் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது,
இன்று 1970 ஜனவரி ஒன்று,
கோப்பு அட்டவணை கிழிந்திருக்கிறது,
மேலே போக முடியவில்லை.
சார்ஜ் போட்ட ஒவ்வொரு முறையும்
இதையேதான் கத்தியிருக்கும்.

சரிசெய்யவா? ஆமாம்.
சரிசெய்யவா? ஆமாம்.
ஒரே பொத்தான், நாற்பத்தொரு தடவை.
எதிர்க்கடை ஆ ஹுவாட் கோப்பியை வைத்துவிட்டு
"யாருக்கு இத்தனை ஆமாம் போடுகிறாய்?" என்றான்.

திரை கறுத்தது, வெளுத்தது, கறுத்தது.
அப்போதுதான் உறைத்தது.
கையை நீட்டினேன், எதைப் பிடிக்கவோ.
தபால்தலை அளவில் அட்டைப்படங்கள் வரிசையாக வந்தன.
அந்த நாவல் அதில் இல்லை.

சாயங்காலம் ஃபௌசியா வந்தாள். நாற்பது ரிங்கிட்.
கேட்டே விட்டேன்:
கதவு, குடை, நூற்றுப் பன்னிரண்டு.
"அதுவா? போரடித்தது, அங்கிள்.
பெயர்கூட ஞாபகமில்லை."
மணி பார்த்தாள். ஃபெரிக்கு ஓடினாள்.

ஒரு கோப்பை மீட்க முடியவில்லை, நீக்கவா
என்று நடுவில் ஒரு வரி ஓடியிருக்கும்.
படிக்காமல் அழுத்தியிருக்கிறேன்.
நாற்பத்தொன்றில்
எந்த ஆமாம் அது?