மூச்சு விடாமல் வெட்டுவது

நுரையீரலை வெட்டும்போது மூச்சு விடக் கூடாது.
கையேட்டில் இல்லை. மூன்று முறை
சுருள் பறந்து போனபின் தெரிந்துகொண்டேன்.
நான்கு மைக்ரான் மெழுகு நாடா
கத்தியின் விளிம்பில் துவண்டு நிற்கும்.
ஒரு பெருமூச்சு போதும்,
யாரோ ஒருவரின் மூச்சுப்பை
என் வெள்ளைக் கோட்டில் ஒட்டிக்கொள்ள.

வெளியே புகைமூட்டம். காலையில் குறியீடு நூற்று எண்பத்தேழு.
ஊட்ரம் சாலை பழுத்த நிறத்தில் கிடக்கிறது.
முகக்கவசத்துக்குள் என் கோப்பி ஓவின் வாசமே
எனக்குத் திரும்பி வருகிறது.

ஆண். அறுபத்திரண்டு. எண் 40713.
தொழில் என்ற கட்டம் காலி.
வலது மேல்மடலில் ஒரு துண்டு;
மீதியை வைத்துக்கொண்டு
ஏழாம் மாடியில் அவர் இழுத்து இழுத்து விடுகிறார்.

ஈரல் மூழ்கும், சிறுநீரகம் மூழ்கும்.
இது மட்டும் ஃபார்மலினில் மிதக்கிறது,
ஈரப் பஞ்சை மேலே போட்டு அமுக்க வேண்டியிருக்கிறது.
பிடித்த காற்றை விட்டுக்கொடுக்காத
அப்படியொரு கஞ்சத்தனம்.

வென்னீரில் சுருக்கம் நீவி, கண்ணாடியில் ஏற்றி,
ஊதாவும் இளஞ்சிவப்பும் கொடுத்து
லென்ஸுக்கு அடியில் வைக்கிறேன்.

முதலில் மூச்சுக்கிளை.
தூண் செல்கள் அடுக்கடுக்காய் நிற்பதுபோல் ஒரு பாவனை.
குனிந்து பார்த்தால்
எல்லாக் கால்களும் ஒரே தரையில்.
இடையிடையே கோப்பைச் செல்கள், சளி ததும்ப.
தலையில் பிசிர்கள்.
விநாடிக்குப் பத்து, பன்னிரண்டு முறை அடித்து
தூசியைத் தொண்டைவரை ஏற்றிய மின்படி.
ஆனால் இங்கே, பாதி வழியில், படியே இல்லை.
பிசிர் உதிர்ந்த இடத்தில்
தட்டைச் செல்கள் பலகை அடித்து மறித்திருக்கின்றன.
எப்போது திறக்கும் என்று
அதில் எழுதியிருக்கவில்லை.

"சாப்பிடப் போகலாம்," என்றாள் ரொஸ்னா.
டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசை பிடிக்கும் ஊரில்
நாங்கள் இருவரும் டிஷ்யூ வெட்டிப் பிழைக்கிறோம்.
பழைய ஜோக். அவள் இன்று சிரிக்கவில்லை.
இருமினாள்.

பிறகு நுண்ணறைகள்.
வலை என்று சொல்லத் தோன்றும்.
வலையல்ல, வலையின் ஓட்டைகள்.
காற்றுக்கும் குருதிக்கும் நடுவே அரை மைக்ரான்;
என் மிக மெல்லிய வெட்டிலும்
அப்படி எட்டுச் சுவர்கள் அடங்கும்.
சுவருக்குள் தந்துகி.
அதில் சிவப்பணுக்கள் ஒற்றை வரிசையில்
தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கின்றன.
மூலையில் உருண்டையாய் ஒரு செல்:
அது சுரக்கும் வழவழப்பு இல்லாவிட்டால்
ஒவ்வொரு அறையும் ஈரப் பையாய் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் விரித்தால்
ஏறக்குறைய எழுபது சதுர மீட்டராம்.
தோ பாயோவில் எங்கள் மூவறை வீட்டளவு.
நெஞ்சுக்குள் ஆளுக்கொரு வீடு.
குத்தகை மட்டும்
தொண்ணூற்றொன்பதுக்குப் போவது அபூர்வம்.

இவருடைய வீட்டில் குடியிருப்பது கரி.
பெருவிழுங்கிகள் விழுங்கியிருக்கின்றன,
செரிக்க முடியாமல், துப்பவும் முடியாமல்
வயிறு கறுத்து உட்கார்ந்திருக்கின்றன.
அவற்றைச் சுற்றி வெங்காயச் சருகுபோல்
வட்டம் வட்டமாய்த் தழும்பு.

துருவ ஒளியைத் திருப்பினேன்.
புலம் இருண்டது.
கரிக்கு நடுவே மங்கலாய் ஒரு மினுக்கம்,
இன்னொன்று, பிறகு நிறைய.
கல். கருங்கல்லின் பொடி.

ஆக, துளையிட்டவர்.
காலிக் கட்டத்தைச் செல்களே நிரப்பிவிட்டன.
எழுத வேண்டியது நானல்ல, டாக்டர் ஹெங்;
நான் மூலையில் பென்சிலால் எண்ணைச் சரிபார்த்து
தட்டில் அடுக்குவேன். அடுக்கினேன்.

மாலை, ஊட்ரம் நிலையத்து மின்படியில்
இடப்பக்கம் ஒதுங்கி நின்று இறங்கினேன்.
ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது.
இருபது ஆண்டாய்ப் போகிற சுரங்கம்.
சுவரை முதல் தடவையாகப் பார்த்தேன்,
ஒன்றும் தெரியவில்லை, என் முகம்தான்.
தொண்டையில் ஏதோ கரகரத்தது.
விழுங்கினேன்.