கறுப்புத் தண்ணீர்

புக்கிட் பாத்தோக்கில் ஒரு பதினோராம் மாடி.
ஏர்கானின் மூடியைக் கழற்றி
அடியில் நீலப் பையைக் கட்டித் தொங்கவிட்டு
தண்ணீர் பீய்ச்சும் முன்
"ஒரு நிமிடம், காக்" என்கிறேன்.
கைப்பேசியை ஏணியின் மேல்படியில்
ரப்பர் வளையம் போட்டு நிறுத்துகிறேன்.

மைத்துனி பிரமிளா கொடுத்த யோசனை இது.
மின்தூக்கியில் தாள் ஒட்டினால்
மறுநாளே கிழித்துவிடுகிறார்கள்,
கதவிடுக்கில் செருகினால்
செருப்பு துடைக்க எடுத்துக்கொள்கிறார்கள்.
"அழுக்கைக் காட்டுங்க அத்தான்.
சுத்தத்தை யாரும் பார்க்க மாட்டாங்க,
அழுக்கு போறதைப் பார்ப்பாங்க."

முதல் எட்டுக் காணொளிகள்:
நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு
என்று பார்த்தார்கள்.
அதில் பாதி என் மனைவியின் குடும்பம்.
மாமியார் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டார்,
ஓர் இரங்கல் செய்திக்கும் சேர்த்து.

ஒன்பதாவது, பொங்கோலில், குமாரி குவெக் வீடு.
நான்கு வருடம் தொடாத ஏர்கான்.
பையில் இறங்கியது
கோப்பி ஓ கொசோங்,
சீனி போடாத, அடிவண்டல் கலங்கிய
தடித்த கறுப்பு.
நான் ஒன்றும் பேசவில்லை.
தண்ணீரின் சத்தம் மட்டும்.

விடியும்போது எண்பதாயிரம் பேர்.
வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
பிரேசிலில் யாரோ
மனசு லேசானது என்று எழுதியிருந்தார்.
கோயம்புத்தூரில் ஒருவர்
எங்க ஊருக்கு வருவீங்களா அண்ணா என்றார்.
தூங்காத தேசங்களெல்லாம்
என் சாக்கடையைப் பார்த்துத் தூங்கின.
பொங்கோலிலிருந்து மட்டும் யாரும் அழைக்கவில்லை.

பிறகு அழைத்தார் ஒருவர்.
"அது என் திரைச்சீலை" என்றார் குமாரி குவெக்.
எலுமிச்சம்பழம் அச்சிட்ட மஞ்சள் துணி,
ஓரத்தில் மூன்று நொடி.
விருந்துக்கு வந்த சக ஊழியர்கள்
துணியை அடையாளம் கண்டுவிட்டார்கள்.
"இப்போது ஆபீசில் என் பெயர் கோப்பி ஓ."
கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
அவர் கத்தவில்லை.

ஒரு விரலை அழுத்தினேன்.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர்
குழாய் வழியே போனார்கள்.
அன்றிரவு மனைவி கணக்குப் பார்த்தாள்:
அத்தனை பேரைப் பூஜ்யத்தால் பெருக்கினால்
எத்தனை வெள்ளி?

வேறு வழியில்லாமல்
பத்தாவதற்கு என் வீட்டு ஏர்கானையே திறந்தேன்.
அடுத்தவர் வீட்டுக் கதவையே தட்டும் தொழிலில்
சொந்த வீட்டுக்கு நாள் கிடைத்ததில்லை.
உள்ளே இருந்ததைச் சொல்ல மாட்டேன்.
மனைவி எங்கள் திரைச்சீலைமேல்
போர்வையைப் போர்த்திவிட்டுத்தான்
"ம், எடுங்க" என்றாள்.
அறுபத்து மூன்று பேர் பார்த்தார்கள்.
அறுபத்து நான்காவதாய் வந்தார் குமாரி குவெக்,
ஒரு கட்டைவிரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார்.
மன்னிப்பா, திருப்தியா,
அந்த மஞ்சள் விரலில்
இன்னும் எனக்குப் புரியவில்லை.

அதனால்தான் இன்று
ஏணியில் நின்றபடியே கேட்கிறேன்:
"காக், படம் பிடிக்கலாமா?
திரைச்சீலை தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்."

காக் கமாரியா பதறினார்.
"ஐயோ, அது தெரியணும்!
அதைத்தானே நான் விற்கிறேன்.
நோன்புப் பெருநாளுக்கு ஆறு வாரம்தான் இருக்கு.
என் கணக்கின் பெயரையும் கீழே போடு."
ஜன்னலுக்கு ஓடி
மடிப்புகளை ஒவ்வொன்றாய் நீவினார்,
விளக்கைப் போட்டார்,
கைப்பேசியைத் தானே ஒரு விரற்கடை திருப்பினார்.

பீய்ச்சினேன்.
பையில் இறங்கிய தண்ணீர்
ஏறக்குறையத் தெளிவாக இருந்தது.
போன மாதம்தான் தம்பி வந்து கழுவினானாம்,
சொல்ல மறந்துவிட்டாராம்.

இருவரும் பையையே பார்த்தோம்.
கைப்பேசி ஓடிக்கொண்டிருந்தது.
அடுப்படியிலிருந்து காக் மெதுவாகக் கேட்டார்:
"கொஞ்சம் கோப்பி ஊற்றட்டுமா?"

எனக்கா, பைக்கா என்று
நான் கேட்கவில்லை.