பதினொரு விநாடி

தாரைக் கீறிப் புதைத்த கம்பி
கார் வந்தால் கண்திறக்கும்.
லோரி வந்தால் விழுந்தடித்துப் பச்சை காட்டும்.
என்னை மட்டும்
அதற்குத் தெரியாது.

காலை ஐந்தே முக்கால்.
பேராக் ரோடு டத்தோ கெராமாட்டில் முட்டும் இடம்.
கொடிமலை உச்சியில் இன்னும் விளக்கு அணையவில்லை.
பின்கேரியரில் நாற்பது பொட்டலம் நாசி லெமாக்;
ஆறிப்போனால் ஆஸ்பத்திரி வாசலில்
ஒரு தாதியும் சீண்டமாட்டாள்.
ஈ காக்கை இல்லாத சந்தியில்
ஒற்றைக்கால் ஊன்றி
எவனாவது ஒரு கார்க்காரன் வரட்டும் என்று நிற்பேன்.
அவன் வந்தால்தான்
நானும் வந்ததாகக் கணக்கு.

ஒருநாள் பொட்டலங்களை இறக்கிவைத்து
சைக்கிளைக் கம்பிமேல் படுக்கப் போட்டேன்.
பச்சை வந்தது.
நிமிர்த்திக் கட்டி ஏறுவதற்குள்
போயும்விட்டது.

ராத்திரி ஏழுக்குத் திரும்பும்போது வேறு கதை.
பச்சை விழும்.
பாதிச் சந்தி போவதற்குள் மஞ்சள்,
மஞ்சளை விழுங்கிச் சிவப்பு.
கப்சாய் மோட்டார்கள்
கெண்டைக்காலை உரசிக்கொண்டு பாயும்.

மூன்று மனு போட்டேன்.
நாலாம் மாதம் மாநகர் மன்ற வேனில் ஹில்மி வந்தான்.
பெட்டியைத் திறந்தான், ஸ்டாப்வாட்சை எடுத்தான்.
“அக்கா, ஒருதடவை கடந்து காட்டுங்கள்.”

பரீட்சை எழுதுகிறவள்போல் மிதித்தேன்.
ஏழு விநாடி.
தலையை ஆட்டினான்.
“இப்படி இல்லை.
வேலை முடிந்து எப்படி வருவீர்களோ
அப்படி.”

அதை யாரும் கேட்டதில்லை.
சலவைக்கூட ஆவியில் பன்னிரண்டு மணிநேரம் வெந்த கை,
இடது முழங்காலின் முணுமுணுப்பு,
சின்னவனுக்குக் கட்டாத டியூஷன் காசு,
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு
ஒருத்தன் பார்க்க,
கூச்சத்தோடு,
மெதுவாகக் கடந்தேன்.

பதினொன்று.

பாரத்தில் எழுதினான்: சைக்கிள், பெண், சுமையோடு.
சவரியம்மா என்று எழுத அதில் கட்டம் இல்லை.
கம்பிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டுவதுபோல் என்னவோ திருகினான்.
பச்சையை நாலு விநாடி இழுத்துவிட்டான்.
என் களைப்பை உள்ளே வைத்து
பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது குறுக்கே காத்திருக்கும் கார்கள்
ஹார்ன் அடிக்கின்றன.
நாலு விநாடியில் என்ன குடிமுழுகிவிடுமோ.
மழை பெய்தால் எனக்குப் பதினொன்றும் போதாது,
அதையும் சொல்லவேண்டும் ஹில்மியிடம்.

நேற்று காற்று முதுகைத் தள்ள
ஒன்பதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன்.
மிச்சம் இரண்டு விநாடி.
என்ன செய்வதென்று தெரியாமல்
அந்தக் கரையில் கால் ஊன்றித்
திரும்பிப் பார்த்தேன்.
நான் வந்த பக்கம் யாரும் இல்லை.
பச்சை
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.